ஏரி தெரிகிற பண்ணை வீடு

பன்னிரண்டு ஏக்கர் பண்ணை. நடுவில் ஆறாயிரம் சதுர அடியில் பங்களா. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, காரைக்குடிப் பக்கம் இடித்த வீட்டிலிருந்து பெயர்த்து வந்த தேக்குத் தூண்கள், பின்பக்கம் நீச்சல் குளம். காய்ப்பில் இருக்கும் தென்னை, மா, சப்போட்டா. இரண்டு கிணறு, ஒரு போர், இலவச மின் இணைப்பு. காவலாளி குடும்பத்தோடு தங்க ஓர் அறை. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கால் மணி நேரம். மொட்டை மாடியில் நின்றால் ஏரி தெரியும். விலை நேரில். தரகர்கள் மன்னிக்கவும்.

இந்த மாதிரி விளம்பரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வந்து விழுகிறது. தாம்பரத்தை ஒட்டிய எங்கள் சிட்லபாக்கத்தில் இதை வாங்குகிற வசதி யாருக்கும் இல்லை. ஆனாலும் எல்லோரும் திறந்து பார்க்கிறோம். நீச்சல் குளத்தின் படத்தை விரலால் பெரிதாக்குகிறோம். 'ரிட்டயர்மென்ட் ட்ரீம்' என்று யாராவது ஒருவர் கீழே போடுகிறார். மறுநாளே, பக்கத்துப் பண்ணையை அரை ஏக்கர், இருபத்தைந்து சென்ட், பத்து சென்ட் என்று கூறு போட்டு விற்கிற விளம்பரம் வரும். அதற்குத்தான் நாங்கள் ஆள். பி.எஃப்., கிராஜுவிட்டி, வெளிநாட்டுப் பிள்ளை அனுப்புகிற பணம், பூர்வீக வீட்டை விற்றதில் வந்த பங்கு என்று கையில் கொஞ்சம் சேர்ந்ததும் மதுராந்தகம், அச்சிறுபாக்கம், உத்திரமேரூர், திருப்போரூர் என்று கார் தெற்கே திரும்பிவிடுகிறது.

விற்கிறவர் மேல் எனக்கு வழக்கு இல்லை. பெரிய பண்ணையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, சின்னத் துண்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிற எங்கள் மேல்தான் இருக்கிறது. சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் என்று இந்தப் பக்கம் வீடு கட்டிக் குடியேறிய எல்லோரும் அதில் சேர்த்தி.

மொட்டை மாடியில் நின்றால் ஏரி தெரியும் என்ற வரிதான் எங்களை இழுக்கிறது. இங்கேயும் ஏரி தெரியத்தான் செய்தது.

சென்னைக்காரர்கள் நல்ல காற்று தேடி ஊருக்கு வெளியே போவது புதிதில்லை. அடையாறும் நுங்கம்பாக்கமும் வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகளாக இருந்த காலம் ஒன்று உண்டு. தாம்பரத்தின் முறை இருபதாம் நூற்றாண்டில் வந்தது. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத நாட்களில் காற்றும் வெயிலும் ஓய்வும்தான் வைத்தியம். டாக்டர் சவுரிமுத்து 1928-ல் தன் சானடோரியத்தை இங்கே அமைத்தது இந்தக் காற்றை நம்பித்தான். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1937-ல் சென்னை கிறித்தவக் கல்லூரி நெரிசலான பிராட்வேப் பக்கத்தை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு வந்தது. அப்போது சிட்லபாக்கம் ஏரியும் கழனியும் மந்தைவெளியுமான கிராமம்.

பிறகு நாங்கள் வந்தோம். ரயில்வே, தபால் தந்தி, வங்கி, பள்ளிக்கூடம், விமானப்படைத் தளம், மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம், அப்புறம் ஐ.டி. என்று ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு கூட்டம். கழனியில் கல் நட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து, தெருவுக்குத் தலைவர் பெயரோ சாமி பெயரோ வைத்து விற்றார்கள். வாங்கினோம். ஏரி பாசனத்துக்கு என்று ஏற்பட்டது. பாசனம் பெறுகிற நிலமெல்லாம் வீடானதும் ஏரிக்கு வேலை போயிற்று. வேலை போனவனைக் குடும்பத்தில் யார் மதிப்பார்கள்?

எங்கள் பழைய கிரயப்பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். சக்குபந்தி எழுதும் இடத்தில் 'வடக்கே வாய்க்கால்' என்று இருக்கும். அதே மனை கைமாறிய அடுத்த பத்திரத்தில் 'வடக்கே இருபதடி ரோடு' என்று இருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று எந்தப் பத்திரமும் சொல்லாது. எழுத்தர் எழுதினார், சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள், நாங்கள் பணத்தை எண்ணிக் கொடுத்தோம். ஒரு வாய்க்கால் காணாமல் போனதற்கு இத்தனை பேர் சாட்சி.

ஏரியின் கதையும் அதுதான். ஆவணத்தில் சுமார் 86 ஏக்கர். இப்போது இருப்பது ஏறத்தாழ 47 ஏக்கர். ஏரிக்குள்ளேயே பல வருடம் ஊர்க் குப்பை மலையாகக் குவிந்தது. அது எங்கள் வீட்டுக் குப்பைதான். வாசலில் வண்டி வந்து எடுத்துப் போனதோடு எங்கள் விசாரம் முடிந்தது. பாதாளச் சாக்கடை வராத ஊரில் செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரியைக் கூப்பிட வேண்டும், காசு ஆகும். ஆகவே ராவோடு ராவாக மழைநீர் வடிகாலில் ஒரு நான்கு அங்குலக் குழாயைச் சொருகினோம். ஒரு வீட்டைப் பார்த்து அடுத்த வீடு. கேட்டால், 'எல்லாரும்தானே சார் விட்டிருக்காங்க.' அது ஏரிக்குப் போனது. ஏரியிலிருந்து செம்பாக்கம் ஏரிக்கு, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. 2022-ல் பள்ளிக்கரணைக்கு ராம்சார் தகுதி கிடைத்தபோது அந்தச் செய்தியைப் பெருமையோடு பகிர்ந்தவர்கள் நாங்கள். அதன் மேல்மடையில் குழாய் வைத்திருப்பவர்களும் நாங்கள்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. தரைத்தள வீடுகளில் பிரிட்ஜ் மிதந்தது. அன்றைக்கு எங்கள் எல்லோர் வாயிலும் ஒரே பெயர்தான்: செம்பரம்பாக்கம். ராத்திரி ஏரியைத் திறந்து ஊரை மூழ்கடித்துவிட்டார்கள் என்று டிவியைப் பார்த்துத் திட்டினோம். செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் போகிறது. அதன் கரையில் இருந்தவர்களுக்கு அந்தக் கோபம் நியாயம். சிட்லபாக்கத்துத் தெருக்களில் நின்ற தண்ணீர் அடையாற்றுத் தண்ணீரே இல்லை. பள்ளிக்கரணைக்குப் போக வேண்டிய எங்கள் சொந்த மழை, போகிற வழியில் எங்கள் வீடுகளைக் கண்டு நின்றுவிட்டது. யாரோ ஷட்டரைத் திறந்ததாகச் சொல்லிக்கொண்டால் நாங்கள் மூடியதைப் பேச வேண்டாம் அல்லவா?

2019 கோடையில் ஏரி வறண்டபோது சில இளைஞர்களும் சில பெரியவர்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். வாரக்கடைசி தோறும் பிளாஸ்டிக்கையும் சேற்றையும் அள்ளினார்கள். மனுக்கள், வழக்கு, செய்தி என்று விடாமல் துரத்தினார்கள். அரசு ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. குப்பைமேட்டைக் கிளறிப் பிரித்து அகற்றினார்கள், கரை பலமானது, நடைபாதை வந்தது. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் 2011 கணக்குப்படி இந்த ஊரில் ஏறக்குறைய 38 ஆயிரம் பேர். மண்வெட்டி பிடித்தவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால் மிச்சப் பேர் என்ன செய்துகொண்டிருந்தோம்? காலையில் ஏரிக்கரையில் நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து 'நம்ம ஊர் ஏரி' என்று படம் போட்டோம். வீட்டு மனையின் விலை ஏறியதைக் கவனித்தோம். ஆக்கிரமிப்பு அகற்றம் என்று பேச்சு வந்தபோது கரையோரத்துக் குடிசைகளைக் கை காட்டினோம். பட்டாவோடு கழனியின் மேல் உட்கார்ந்திருக்கிற நாங்கள் சட்டப்படி ஆக்கிரமிப்பாளர்கள் இல்லை, அதனால் எங்களைப் பற்றிய பேச்சே எழவில்லை.

சட்டப்படி இல்லை. அந்த ஒரு சொல்லின் நிழலில்தான் இத்தனை வருடம் காலம் தள்ளினோம்.

சரி, நடந்தது நடந்தது என்று இதோடு விடலாம். விட முடியாமல் செய்வது அந்தப் பண்ணை வீட்டு விளம்பரம். இங்கே செய்து முடித்ததை இன்னும் ஐம்பது அறுபது கிலோமீட்டர் தெற்கே போய் மறுபடி செய்யப் போகிறோம்.

எங்கள் தெருவிலிருந்து நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனோம். மதுராந்தகம் தாண்டி உத்திரமேரூர்ச் சாலையில் உள்வாங்கிய ஊர். பெரிய பண்ணையை வாசலிலிருந்து காட்டிவிட்டு, அதை ஒட்டிய துண்டுகளுக்கு அழைத்துப் போவது தரகரின் வழக்கம். பங்களாவின் அழகைப் பார்த்தவன் பத்து சென்ட்டுக்குக் கேட்ட விலையைக் கொடுப்பான். எங்களையும் அப்படித்தான் அழைத்துப் போனார். கருங்கல் தூண் நட்டு நாலு வரி முள்கம்பி, உள்ளே இரண்டு வரி சோலார் வேலி. தென்னைக்குச் சொட்டுநீர்க் குழாய். புல்தரை வெட்டிய வாசனை. நீச்சல் குளத்துக்கு அந்தப் பக்கம், வேலிக்கு அடியில், ஒரு வாய்க்கால் வந்து முட்டி நின்றிருந்தது. அந்த இடத்தில் மட்டும் கோரைப் புல் ஆளுயரம்.

காவலுக்கு இருந்த பெரியவர் கேட்டைத் திறந்துவிட்டார். தரகர் போனில் பேசப் போன நேரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"முன்ன இதெல்லாம் என்ன பெரியவரே?"

"கழனிதான் சார். ஏரி ரொம்பி கலங்கல் போச்சின்னா சம்பா முடிச்சி நவரையும் எடுத்துருவோம். கெணத்துல தண்ணி நின்னுதுன்னா சொர்ணவாரியும் வெளையும்."

"இப்ப?"

"இப்ப மதகு தொறக்கறதில்ல சார். தொறந்தா தோப்புல தண்ணி நிக்குதுன்றாங்க. கால்வா இதுக்குள்ளதான போவுது."

"கீழ கழனி வச்சிருக்கிறவங்க?"

"போர் இருக்கிறவங்க வெக்கிறாங்க. இல்லாதவங்க தரிசு போட்டுட்டாங்க. அதையும் கேட்டுகினு ஆள் வருது."

இதைக் கேட்டதும் எங்களில் ஒருவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: இங்கே பாம்பு வருமா? இன்னொருவர், ஜியோ டவர் கிடைக்குமா. மூன்றாமவர், சமையலுக்கு ஊரில் ஆள் கிடைக்குமா, என்ன சம்பளம் கேட்பார்கள். பெரியவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஓர் ஊரின் பாசனம் எப்படி நின்றது என்று நாலே வாக்கியத்தில் அவர் சொன்னதன் மேல் யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. திரும்பி வரும்போது காரில் பேசியது சதுர அடி விலையைப் பற்றி.

செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். பாலாற்றை விட்டால் இங்கே சொல்லிக்கொள்ள ஆறு கிடையாது. மழையை ஏரியில் பிடித்து, ஓர் ஏரி நிறைந்ததும் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு அனுப்புகிற ஏற்பாடுதான் ஊர்களை ஊராக வைத்திருந்தது. மதுராந்தகத்தில் ஏரியைக் காத்தவர் என்று ராமருக்கே பட்டம். வேடந்தாங்கலில் பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதனால் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காதவர்கள் அந்த ஊர்க்காரர்கள். இப்படிப்பட்ட ஊர்களுக்கு நடுவே வாரக்கடைசியில் போய் ஸ்பீக்கர் கட்டி ஆடிவிட்டு, ஞாயிறு சாயங்காலம் பரனூர் சுங்கச்சாவடி நெரிசலைத் திட்டிக்கொண்டே திரும்பி வருவதுதான் எங்களுக்குத் தெரிந்த கிராம வாழ்க்கை.

ஏரிச் சங்கிலியில் ஒரு கண்ணியை வேலி போட்டு மறித்தால் கீழே இருக்கிற கண்ணிகள் எல்லாம் பட்டினி. சிட்லபாக்கத்திலிருந்து பள்ளிக்கரணை வரை இதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். தெரியாமல் செய்தோம் என்ற சமாதானம் முதல் முறைக்குத்தான் செல்லும்.

நிலத்தைப் பற்றி நாங்கள் கேட்காத கேள்வி இன்னும் பெரியது. பட்டா பார்க்கிறோம், சிட்டா அடங்கல் பார்க்கிறோம், முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். வக்கீல் 'க்ளியர்' என்றதும் நிம்மதி. இந்த மாவட்டத்தில் அது போதாது. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரெமென்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமையைப் பற்றி எழுதிய அறிக்கைதான், 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒப்படைக்கும் ஆணைக்கு வழிவகுத்தது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர். அதுதான் பஞ்சமி நிலம். முதல் பத்து வருடம் யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் அந்த வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். கந்துவட்டிக்கும் கடனுக்கும் மிரட்டலுக்கும் அதில் பெரும்பகுதி கைமாறியது எல்லோரும் அறிந்த கதை. அந்தக் கைமாற்றம் முப்பது வருடத்துக்கு முன்னால் நடந்திருந்தால், நாங்கள் போடுகிற முப்பது வருட வில்லங்கச் சான்று பளிச்சென்றுதான் வரும்.

மாமல்லபுரம் பக்கம் காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் செத்தார்கள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற ஊர் செங்கல்பட்டு. மறுநாள் நாங்கள் வழக்கம்போல அலுவலகம் போனோம். இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளிடம் அந்த இரண்டு பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பார்கள். தவறு பிள்ளைகளுடையது இல்லை.

திருப்போரூர் பக்கத்துச் சிறுதாவூரைச் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அங்கே இருந்த பங்களாவையும், யார் யார் வந்து தங்கினார்கள் என்பதையும் பத்திரிகைகளில் படித்துப் படித்து மனப்பாடம். 1967-ல் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த நிலம் அதே ஊரில் கைமாறியதைப் பற்றி விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.பி.சிவசுப்பிரமணியம் தலைமையில் 2006-ல் ஆணையம் அமைத்தார்கள். அதை நாங்கள் இரண்டு கட்சிகளின் சண்டையாகப் பார்த்து ரசித்தோம். நிலத்தை இழந்த குடும்பங்களின் கதையாக யாரும் படிக்கவில்லை. பெரிய பண்ணையின் மதில் எங்கள் கண்ணை அப்படிப் பழக்கியிருக்கிறது: மதிலுக்கு உள்ளே யார் என்று எட்டிப் பார்ப்போம், வெளியே நிற்பது யார் என்று திரும்ப மாட்டோம்.

தமிழ்நாட்டில் நில உச்சவரம்புச் சட்டம் 1961-ல் வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு முதலில் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970-ல் அது 15 ஆனது. ஐம்பது ஏக்கர், நூறு ஏக்கர் எஸ்டேட் விற்பனைக்கு என்று விளம்பரம் வரும்போது அது எப்படிச் சாத்தியம் என்று எங்கள் குழுவில் ஒருவராவது கேட்டதுண்டா? எத்தனை பெயரில், எந்தக் கம்பெனியின் பெயரில், எந்த அறக்கட்டளையின் பெயரில் என்று கேட்கலாமே. நான் பார்த்தவரை, வந்த கேள்வி ஒன்றுதான்: லோன் கிடைக்குமா?

விளம்பரத்தில் 'இலவச மின் இணைப்பு' என்று ஒரு சொல் வருகிறதே, அதன் விலையும் எங்களுக்குத் தெரியாது. 1970-ல் மின் கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராடிய விவசாயிகள் மூன்று பேர் பெருமாநல்லூரில் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். நாராயணசாமி நாயுடு மாதிரி தலைவர்கள் வருடக் கணக்கில் மாட்டு வண்டியைச் சாலையில் நிறுத்திப் போராடி, கடைசியில் 1980-களின் நடுவில் சிறு விவசாயிகளுக்கும் பின்னர் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. பயிருக்கு என்று கொடுத்த அந்த மோட்டார் நீச்சல் குளத்தை நிரப்பினால் அது குற்றம். குற்றமென்று தெரிந்தும் அதை ஒரு வசதியாக விளம்பரத்தில் போடுகிறார்கள் என்றால், படிக்கிற நாங்கள் முகம் சுளிக்க மாட்டோம் என்ற நம்பிக்கைதான்.

அந்தக் கிணறுகளுக்கும் எங்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. 2019 வறட்சியில் எங்கள் சம்ப்புகளில் ஊற்றிய லாரித் தண்ணீர் சுற்றுவட்டாரத்து விவசாயக் கிணறுகளில் இறைத்ததுதானே. எங்கள் நிலத்தடி நீரைத் தீர்த்துவிட்டு அவர்களுடையதை விலைக்கு வாங்கினோம். இப்போது கிணற்றையே வாங்கப் போகிறோம்.

கூறு போட்டு விற்கும் பண்ணை நிலத்தில் இன்னொரு தூண்டில் மரம். மகாகனி, செம்மரம், சந்தனம் நட்டுத் தருகிறோம், பதினைந்து வருடத்தில் இத்தனை லட்சம் என்று கணக்குப் போட்டுத் தருகிறார்கள். 1990-களில் தேக்கு மரக் கம்பெனிகளில் பணம் போட்டவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். 1998-ல் அவற்றில் ஒன்றான அனுபவ் சரிந்தபோது அந்தப் பத்திரங்கள் பீரோவில் பழைய பேப்பராயின. ஞாபகம் இருந்தும் வாங்குகிறோம். அதை ஆசை என்று சொல்லிவிட்டுப் போகலாம்; அதில் பெரிய பாவமில்லை.

சட்டமும் தன் பங்குக்கு வாசல் திறந்து வைத்திருக்கிறது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. அடுத்த ஆண்டே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அதற்குப் பிறகு வீட்டு மனை என்று எழுதாமல் பண்ணை நிலம் என்று எழுதிய பலகைகள் எங்கள் கண்ணில் அதிகம் பட ஆரம்பித்தன. சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக 2022-ல் விரிந்தது. இன்றைக்கு நாங்கள் கிராமம் என்று பார்க்கப் போகிற இடங்களில் பல, இன்னும் இருபது வருடத்தில் இன்னொரு சிட்லபாக்கம். அங்கேயும் ஏரியைக் காப்பாற்ற யாராவது இளைஞர்கள் மண்வெட்டியோடு இறங்குவார்கள், 25 கோடி கேட்பார்கள்.

உத்திரமேரூர் வரை போகிறவர்கள் வழியில் அந்தக் கல்வெட்டு மண்டபத்தையும் பார்த்துவிட்டுப் படம் எடுத்து வருகிறோம். பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலை முறை, ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஜனநாயகம் என்று நெஞ்சு நிமிர்த்துகிறோம். அது நிலமுள்ள பிராமணர்களின் சபை. உழுதவனுக்கு அதில் இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் அதில் எங்களைக் குத்துகிற விஷயம் வேறு. வாரியத்தில் உட்காருவதற்குத் தகுதி, வரி கட்டுகிற கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும். கால் வேலி என்பது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று அதிகம். அப்படி நிலமும் வீடும் உள்ளவர்களிலிருந்து குடவோலையில் எடுத்த ஆறு பேர் ஏரி வாரியம், அவர்கள் ஏரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய உறவுக்காரரும் வர முடியாது. நிலமும் வீடும் வைத்திருந்தவன் கையில் ஏரியை ஒப்படைத்தார்கள். எங்களுக்கு நிலமும் வீடும் வேண்டும். ஏரியை நீர்வளத்துறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

குடிமராமத்து என்று ஊரே கூடி மதகைச் சுத்தம் செய்து வாய்க்காலைத் தூர் வாரிய வழக்கம் இந்த மாவட்டத்தில் எங்கள் தாத்தாக்கள் காலம் வரை இருந்தது. அரசு 2017-ல் அதே பெயரில் ஒரு திட்டத்தை ஆரம்பித்தபோது, அது காண்ட்ராக்ட் வேலையாகிவிடும் என்று கிண்டல் செய்தோம். போய் நின்று பார்த்திருந்தால் ஆகாமல் தடுத்திருக்கலாம்.

பண்ணை வீடு வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, சொன்னால் கேட்கப் போகிறவர்களும் இல்லை. விவசாயத்தில் நஷ்டப்பட்டுத் தாமாக விற்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு நல்ல விலை கிடைப்பதில் யாருக்கு வருத்தம்? ஆனால் வாங்குகிறவர்களுக்குச் சில வேலைகள் உண்டு. அந்த நிலம் அ-பதிவேட்டில் என்ன வகை என்று பாருங்கள். டி.சி. நிலம், அதாவது பஞ்சமி நிலம், என்று ஊரில் யாராவது ஒரு வார்த்தை சொன்னாலும் நின்று விசாரியுங்கள். வக்கீலைவிட அந்த ஊர்ச் சேரியில் இருக்கிற பெரியவருக்கு அது நன்றாகத் தெரியும். புல வரைபடத்தில் கால்வாய் எங்கே போகிறது என்று பார்த்து, அதன் மேல் வேலி போட்டிருந்தால் வேலியை நகர்த்தச் சொல்லி விலை பேசுங்கள். கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நிலம் வாங்கப் போகிற ஊரில் ஏரியைப் பற்றி என்ன தீர்மானம் போட்டிருக்கிறார்கள் என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அதற்கு முன்னால் இங்கே. சிட்லபாக்கம் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முதலாக 2022 நவம்பர் 1 அன்று நடந்தன. முதலமைச்சர் வந்து உட்கார்ந்தது நம் மாநகராட்சியின் பம்மலில்தான். நம் தெருக்களிலிருந்து இந்தக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு, வந்தாலும் தெருவிளக்கோடு எழுந்து போய்விடுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் வாருங்கள். வரும்போது வீட்டுத் தாய்ப்பத்திரத்தின் நகலைக் கையோடு கொண்டு வாருங்கள். சக்குபந்தியில் வாய்க்கால் என்று எழுதிய பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தில் குறித்தால் ஏரியின் கால்வாய்கள் எந்தத் தெருவில், யார் வீட்டு வாசலில் நிற்கின்றன என்று தெரிந்துவிடும். என் பத்திரத்தின் நகலை எடுத்து வைத்திருக்கிறேன். அதிலும் வடக்கே வாய்க்கால்தான்.